யாரு யாரு பாப்பாக?

“இந்த மேப்பை யாரு யாரு பாப்பாக ஆத்தா?”

மேப்பு போடுற வேலைக்குப் போன ஊர்ல அந்தப் பெரிய ஐயா கேட்டது இவ்வளவுதான். எல்லாரும் பாக்கலாம் ஐயா, போன்லயே பாத்துக்கலாம்னு உடனே சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன், கண்மாய் ஊருணி வரத்துக்கால் எல்லாம் ஊர்க்காரங்க கண்ணுல படுற மாதிரி வரணும்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், “அப்ப அந்தத் தாழிக் காட்டைப் போடாத”ன்னார்.

தாழிக் காடுன்னா அந்தக் காலத்துல செத்தவங்களைப் பெரிய மண் தாழியில வச்சுப் புதைச்ச எடம். அது இருக்குன்னே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், மொதல்ல அதைச் சொல்லிடணும். ட்ரோன் படத்துல அங்க சீமைக்கருவேலம் மட்டும்தான் தெரியுது. ட்ரோன் போட்டோக்களைக் கோத்து எடுக்குற உயர மாடல் எலை மேலயே நின்னுரும், அடர்ந்த மரத்துக்குக் கீழ தரை எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. லேசர் ஸ்கேன்னா கிளை இடுக்குல பூந்து தரையைத் தொட்டுட்டு வரும், அதுக்கு எங்ககிட்ட காசு இல்ல. 2000-ல விண்வெளி ஓடத்துலேர்ந்து எடுத்த இலவச ரேடார் உயரத் தரவு இருக்கு, ஆனா 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்துல 16 மீட்டர் வரைக்கும் பிழையை அனுமதிச்ச தரவு. இந்தத் தட்டையான சீமையில முழங்கால் உயர மேட்டை அதுல எங்க போய்த் தேடுறது.

அவர் பாத்த விதமே வேற. டேப்லெட்டைக் கையில குடுத்ததும் முழிச்சார், அப்புறம் அதை அப்படியே திருப்பி, தான் உக்காந்திருந்த பக்கத்துக்கு ஏத்த மாதிரி தெற்கு மேல வர்ற மாதிரி வச்சுக்கிட்டார். வச்ச உடனே வெரல் ஓட ஆரம்பிச்சிருச்சு. இது மடை, இது கலுங்கு, இந்தா இது வரத்துக்கால் தூந்து போன எடம். கருவேலங்காடு வந்ததும் வெரல் நின்னுச்சு. உள்ள செம்புறாங்கல்லு வட்டமா கெடக்கும், மம்பட்டியப் போட்டா டொம்முனு கேக்கும், நாங்க சின்னப் பிள்ளையில அங்க மாடு பத்துனா ஏசுவாகன்னார். காதாலயும் காலாலயும் தெரிஞ்சு வச்சிருந்த எடம், மேலேர்ந்து பாத்த எங்களுக்கு அது வெறும் பச்சை.

இதுல இன்னொண்ணு சொல்லணும். மேடு பள்ளத்தை நிழல் போட்டுக் காட்டுற படத்துக்கு சாஃப்ட்வேர் வழக்கமா வடமேற்குலேர்ந்து, 45 டிகிரி உயரத்துலேர்ந்து வெளிச்சம் குடுக்கும். நம்மூர்ல சூரியன் எந்த மாசத்துலயும் அந்த எடத்துல நிக்காது. ஆனா படத்துக்குக் கீழேர்ந்து வெளிச்சம் வந்தா நம்ம கண்ணு மேட்டைப் பள்ளமாப் பாத்துரும், அதனாலதான் அப்படி வச்சிருக்காங்க. நியாயமான காரணம்தான், நானும் அப்படித்தான் போடுறேன். அவர் தெற்கை மேல திருப்புனப்பதான், இந்தப் படம் யாரோட கண்ணுக்காகச் செஞ்சதுன்னு மொதத் தடவை யோசிச்சேன்.

சரி, முடிவுக்கு வர்றேன். பொது மேப்புல அந்தப் புள்ளியை நான் போடல. ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கயோ ஈமச்சின்னம் இருக்குன்னு மட்டும் வர்ற மாதிரி மங்கலாக்கிட்டேன், சரியான எடம் தனி அறிக்கையில போச்சு. தொல்லியல் வேலையில இது வழக்கம்தான், புதையல் தேடி வர்றவங்களுக்கு நாமளே வழி காட்டக் கூடாதில்ல. கீழடி பேரு பரவுனதுலேர்ந்து, 2020-ல அதுக்குப் பக்கத்துக் கொந்தகையில எடுத்த தாழிகளை டிவியில பாத்ததுலேர்ந்து, நம்ம சிவகங்கை மாவட்டத்துல தாழின்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அதுல நல்லதும் இருக்கு, பயமும் இருக்கு. அவர் சொன்னதைக் கேட்டது சரின்னுதான் அன்னைக்கு நெனச்சேன், இப்பவும் பாதி நேரம் அப்படித்தான் நெனக்கிறேன்.

மீதி நேரம் கிராவல் லாரி ஞாபகம் வருது. கிராவல் அள்ள அனுமதி குடுக்குறது சர்வே நம்பரை வச்சு. அந்த ஃபைலைப் பாக்குறவர் மேசையில என்னோட ஒரு கிலோமீட்டர் கட்டம் எதையும் தடுக்காது, அதுக்குள்ள எத்தனையோ சர்வே நம்பர் இருக்கு. ஜேசிபி வர்றப்ப ‘இங்க ஒண்ணும் பதிவாகலையே’ன்னு சொல்லிட்டா அந்த ஐயா எதைக் காட்டுவார்? திருடுறவன் கண்ணுல படக்கூடாதுன்னு மறைச்சது காக்க வேண்டியவன் கண்ணுக்கும் மறைஞ்சு போச்சேன்னு ராத்திரி தூக்கம் கெடுது. உடனே இன்னொரு மனசு சொல்லும், தனி அறிக்கைதான் இருக்கேன்னு. இருக்கு. அதை எத்தனை பேர் தொறந்து பாப்பாங்க?

எங்க பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களை 2014-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்தாங்க. வர்றவங்க எல்லாரும் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் பாத்துட்டுப் போறாங்க. ஓட்டுல விழுற மழை முற்றத்துல எறங்கி, தெரு வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போற அந்த நீளமான கணக்கைப் பாக்கிறவங்க கம்மி. அதைக் கண்ணுக்குக் கொண்டு வரத்தான் மேப்பு வேணும்னு நான் எல்லா மீட்டிங்லயும் பேசுறேன். அதே வாயாலதான் தாழிக் காட்டைக் காட்டாதீங்கன்னும் பேசுறேன், ரெண்டையும் மனசாரத்தான் பேசுறேன்.

அவர் போடாதன்னது திருட்டுக்குப் பயந்தா, இல்ல பெரியவுக கெடக்குற எடத்தை ஊரான் பாக்கக் கூடாதுன்னான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா பதில் வேற முடிவுக்குக் கொண்டு போயிருக்கலாம். சில நேரம், அதைக் கேக்க எனக்கென்ன உரிமைன்னும் தோணுது.

அடுத்த கட்ட வேலைக்கு ஒண்ணு கேட்டிருக்கேன். பொது மேப்பு மங்கலாவே இருக்கட்டும், சர்வே நம்பரோட ஒரு தாள் காப்பி மட்டும் பஞ்சாயத்துலயும் தாலுகா ஆபீஸ்லயும் இருக்கட்டும்னு. டீம்ல பாதிப் பேர் ஒத்துக்கல, தாள்னா நாளைக்கே போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டுருவாங்கன்றாங்க. அவங்க சொல்றதும் நடக்கக்கூடியதுதான். அந்த ஐயாகிட்ட மறுபடி போய்ப் பேசாம அந்தத் தாளை அடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.