கிணற்றுப் பார்ட்டி: ஏரல் பக்கத்து நாட்குறிப்பு

18 டிசம்பர் 2023, திங்கள்
காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் வெள்ளம். ஆற்றங்கரை ஊரான ஏரல் பக்கம் யாருக்கும் போன் போகவில்லை.

19 டிசம்பர்
இன்னும் லைன் இல்லை. ஆட்களை மீட்கப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது, ஹெலிகாப்டர் சாப்பாடு போடுகிறது. அங்கே போய் நாம் நின்றால் இடைஞ்சல்தான். தண்ணீர் வடிந்த மறுநாள்தான் நம் வேலை: வீட்டுச் சகதி, கிணறு. பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முழங்கால் வலி, பேத்தி கல்யாணம் என்று யாரும் சொல்லவில்லை. “எங்கே, எத்தனை மணிக்கு?” அவ்வளவுதான் கேட்டார்கள்.

20 டிசம்பர்
கம்பூட், ரப்பர் கையுறை, மண்வெட்டி, கடப்பாரை, சட்டி, 30 மீட்டர் நைலான் கயிறு, டார்ச். டெட்டனஸ் ஊசி எல்லாருக்கும். எலிக்காய்ச்சல் மாத்திரை, டாக்டர் சொன்ன அளவில் வாரம் ஒரு தடவை. அரிசி பருப்பு நம்முடையது. வெள்ளம் வந்த ஊரில் போய்ச் சாப்பாடு கேட்கிற வேலைக் குழு, பட்டாளத்து பாஷையில் பார்ட்டி, ஊருக்குப் பாரம்.

22 டிசம்பர்
காலை ஆறுக்கு ஃபால் இன், எல்லாரும் வரிசையில். வீட்டுக்குள் நுழையும் வரிசை: முதலில் மெயின் ஸ்விட்ச். சுவர் ஈரமாக இருந்தால் அதையும் நம்பாமல் லைன்மேன் வந்து கம்பத்தில் துண்டித்த பிறகுதான். அடுத்து கேஸ் சிலிண்டர். பிறகு, கம்பால் தட்டிப் பாம்பு பார்த்துவிட்டு மூலைச் சாமான்கள். சகதி ஈரமாக இருக்கும்போதே வழிக்க வேண்டும், காய்ந்தால் இரட்டை வேலை. நனைந்த பத்திரம், ரேஷன் கார்டு எதையும் தூக்கிப் போடக் கூடாது. தனியாக நிழலில் விரித்து வீட்டு ஆச்சியிடமே ஒப்படைக்க வேண்டும்.

23 டிசம்பர்
கிணறு. இதைப் பற்றித்தான் ராத்திரி முழுக்க யோசனை.

எல்லாரும் “மோட்டாரைப் போட்டு ஒரேயடியாக இறைத்துவிடுங்கள்” என்கிறார்கள். கூடாது. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கிறது. உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால் வெளியே இருக்கிற தண்ணீரின் தள்ளல் கிணற்றின் சுற்றுச் சுவரான உறையை உள்ளே சாய்த்துவிடும். மெதுவாக இறைத்து, நிறுத்தி, ஊற்று எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, மறுபடி இறைக்க வேண்டும். உறை மூட்டில் மணல் கொட்ட ஆரம்பித்தால் அதோடு நிறுத்தம்.

எஞ்சின் பம்பு மேலேதான் இருக்கணும். நீர்மட்டம் 22 அடிக்குக் கீழே போனால் மேலிருந்து உறிஞ்சாது. அதற்காக எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்குகிற ஊர் வழக்கம் ஆளைக் கொல்லும், புகை அடியில் தங்கும். ஆழம் என்றால் தண்ணீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பு, அதுவும் ஆள் உள்ளே இல்லாதபோது மட்டும். ஆள் இறங்கினால் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

24 டிசம்பர்
நாயக் அண்ணாச்சி இன்றும் பேசவில்லை. ஏடிஎம் வாசலில் ராத்திரி டூட்டி பார்ப்பவர். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

26 டிசம்பர்
கணக்கு: கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர். 2 × 2 × 0.785 × 3 = 9.42 கன மீட்டர். அதாவது 9,420 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை 1,000 லிட்டருக்கு 200 கிராம் பவுடர், அது 25 சதவீதம் குளோரின் உள்ள சரக்காக இருந்தால். ஏறக்குறைய இரண்டு கிலோ. வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கணும். ஒரு நாள் யாரும் தொடக் கூடாது. பிறகு வாடை போகும்வரை இறைத்து, அந்தத் தண்ணீரைக் குளத்தில் விடாமல் வெளியேற்றணும். அதற்கப்புறம் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும்.

மூட்டை ஒன்றில் வாடையே இல்லை. ஈரம் பட்டுச் செத்த பவுடர். அதை வைத்து எந்தக் கணக்கும் நிற்காது. நாயக் அண்ணாச்சிதான் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தார். “இதப் போட்டா குடிக்கிறவன் நம்மள நம்பிச் சாவான்.” அவர் பேசியது அதுதான்.

27 டிசம்பர்
மழைத் தூறல். வேலை இல்லை. ஆட்கள் முகம் தொங்கிவிட்டது.

29 டிசம்பர்
தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட் கிட். சொட்டு விட்டுப் பத்து நொடிக்குள் மஞ்சளைப் பார்க்கணும். நேரம் கழித்துப் பார்த்தால் கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும். மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நாயக் அண்ணாச்சி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், யாரையும் கிட்டே விடுவதில்லை. 0.2 வந்த கிணற்றுக்கு, யாரும் கேட்காமலே சாயங்காலம் திரும்பவும் போனார்.

சும்மா வந்து உதவுங்கள் என்றால் பட்டாளத்துக்காரன் ஒரு நாள் வருவான். ‘இந்தக் கிணறு உன் பொறுப்பு’ என்று சொல்லி நோட்டில் பெயர் எழுதினால் தினமும் வருவான். பாராட்டு விழா, சால்வை எதுவும் வேண்டாம் என்று ஊராரிடம் சொல்லிவிட்டேன்.

2 ஜனவரி 2024
பொங்கலுக்குப் பிறகு என்ன? இவர்கள் திரும்ப ஏடிஎம் வாசலுக்கா? தூக்கம் வரவில்லை.

5 ஜனவரி
பம்பைக் கழுவி, நல்ல தண்ணீர் ஓட்டி, கார்பரேட்டரில் பெட்ரோலை வடித்தோம். விட்டால் பிசின் கட்டி அடுத்த வெள்ளத்தில் ஸ்டார்ட் ஆகாது. ஓஸ் நிழலில் காயணும். மாதம் ஒரு தடவை கூடி எஞ்சின் ஓட்டுவது, பவுடர் மூட்டையின் தேதி பார்ப்பது, கயிறு சோதிப்பது என்று முடிவு. முதல் தடவை பிப்ரவரி 11, ஞாயிறு. ஸ்டோர் சாவி நாயக் அண்ணாச்சியிடம்.

6 ஜனவரி
பம்பின் உறிஞ்சு குழாய் அடியில் மாட்டுகிற ஃபுட் வால்வ் இரண்டு வாங்கணும். ஆற்றங்கரைத் தெருவில் இன்னும் ஒரு கிணறு 0.2.