கோட்டை போய் வாசல் நின்ற ஊர்

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விசாரம் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து நூறு முறையாவது போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தவுடன் அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். சென்ற பங்குனியில்தான் முதன்முறையாக, வேறு எந்த வேலையும் இல்லாமல், பழைய கோட்டையின் வாசலான டெல்லி கேட்டைப் பார்ப்பதற்கென்றே சித்தப்பாவுடன் ஆற்காட்டில் இறங்கினேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வழி கேட்டோம். "நேரா போங்கப்பா, ஆத்தங்கரை வந்துடும். மேல ஏறி உக்காந்தா காத்து நல்லா வரும்" என்றார். பாலாற்றில் அன்று தண்ணீர் இல்லை. வெயிலில் மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்தது. கரையோரத்தில் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாக உயர்ந்த வளைவொன்று, இருபுறமும் தொடர வேண்டிய மதில் இல்லாமல் தனியாக நின்றது. அருகிலிருந்த பலகை 1751ஆம் ஆண்டின் முற்றுகையையும் ராபர்ட் கிளைவையும் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டது. வெயில் பட்டு எழுத்துகள் வெளுத்திருந்ததால், சித்தப்பா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

பலகை சொல்லாத ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப் சாதத்துல்லா கான் தலைநகராக்கிக்கொண்ட ஆற்காடு, கர்நாடிக் என்று அன்று அழைக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் அரசிருக்கையாக இருந்தது. ஆற்காடு ரூபாய் என்று நாணயத்துக்கே இவ்வூர் பெயர் தந்தது; ஆங்கிலேயர் அமைத்த வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களும் சென்னையின் ஆற்காடு சாலையும் இங்கிருந்து பெயர் பெற்றவையே. நவாப் முகமது அலி சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போன பின், பெயர் மட்டும் ஊர் ஊராகப் பரவ, ஊர் சிறுத்துக்கொண்டே வந்தது.

முற்றுகையின் கதை இதுதான். திருச்சிராப்பள்ளியில், ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியை, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் வளைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் படையைப் பிரித்து இழுப்பதற்காக, எழுத்தராகக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்த கிளைவ் 200 ஐரோப்பியர்களையும் 300 சிப்பாய்களையும் மூன்று சிறு பீரங்கிகளையும் கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, இடி மழையில் நடந்து வந்து, ஆகஸ்ட் இறுதியில் காவற்படை கைவிட்டு ஓடிய கோட்டைக்குள் நுழைந்தார். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் ஏறத்தாழ 10,000 பேருடன் வந்து வளைத்துக்கொண்டார். ஐம்பது நாள்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் கடைசித் தாக்குதலில், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவுகளை இடிக்க ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டுகள் தைத்ததும் யானைகள் திரும்பி, தம் பின்னால் வந்த ஆட்களையே மிதித்தன. மறுநாள் விடிந்தபோது முற்றுகைப் படை போயிருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமான இடம் யானைகள் அல்ல, கஞ்சி. உணவு குறைந்துபோனபோது சிப்பாய்கள் கிளைவிடம் சென்று, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. முற்றுகை முடிந்து 89 ஆண்டுகளுக்குப் பின், 1840இல் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் அது பரவலாகத் தெரியவந்தது. அவர் அதைச் சிப்பாய்களின் விசுவாசத்துக்குச் சான்றாக வைத்துப் புகழ்ந்தார். சோறு வடிக்கிற வீட்டில் வளர்ந்த என்னால் அதை அப்படிப் படிக்க முடியவில்லை. எங்கள் பாட்டி பானை வாயில் தட்டை வைத்துத் துணியால் பிடித்துச் சாய்ப்பார்; ஆவியோடு கொழகொழவென்று வெள்ளைக் கஞ்சி குண்டானில் இறங்கும். பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் சோறு போட்ட பிறகு, மிஞ்சியது குறைவாக இருந்தால், அந்தக் கஞ்சியில் உப்புக்கல் போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. கஞ்சியில் எவ்வளவு பசி அடங்கும், எவ்வளவு நேரத்தில் மீண்டும் பசிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சிப்பாய்கள் அப்படிச் சொன்னது உண்மையென்றால், அவர்களுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும். அவர்களில் ஒருவருடைய பெயரும் பலகையில் இல்லை.

படியேறி மேலே போனோம். வாசலுக்கு மேலிருக்கும் அறையைக் கிளைவ் தங்கிய அறை என்கிறார்கள். அந்த அம்மா சொன்னபடியே ஆற்றுக்காற்று நன்றாக வீசியது. ஆற்றுக்கு அப்பால் ராணிப்பேட்டை தெரிந்தது. ஒரு மைலுக்கு மேல் சுற்றளவு கொண்ட கோட்டை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் செடிகொடிகளும்தான். 1780இல் மைசூரை ஆண்ட ஐதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். 1783இல் திப்பு கோட்டை மதில்களைத் தகர்த்தார். திப்பு என்ற பெயரே இவ்வூரிலிருந்து போனதுதான்: இங்கே தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் ஐதர் அலி தம் மகனுக்குச் சூட்டினார். தனக்குப் பெயர் தந்த ஊரின் மதிலை அவரே இடிக்க நேர்ந்ததை எண்ணியபடி சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்து, பேருந்து நிலையத்தருகே மக்கன் பேடா கால் கிலோ வாங்கிக்கொண்டு வேலூர்ப் பேருந்தில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு சித்தப்பா மெதுவாக, "இதே பாதையிலதான் கிலெஸ்பி குதிரையில வந்தான்" என்றார். 1806 ஜூலை 10 அன்று விடியற்காலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது, தாடி மழிக்க வேண்டும் என்ற ஆணைகளை அவர்களால் பொறுக்க முடியவில்லை. செய்தி ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமை எட்டியதும் அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி கிலெஸ்பி உடனே புறப்பட்டு, அன்று காலையிலேயே கோட்டையை அடைந்தார். பகல் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கஞ்சி கேட்டதாகச் சொல்லப்படும் சிப்பாய்களுக்கும் இவர்களுக்கும் இடையில் 55 ஆண்டுகள். இரண்டு கோட்டைகளுக்கும் இடையில் எங்கள் பேருந்து ஓடிக்கொண்டிருந்த இந்தச் சாலை.

சத்துவாச்சாரியில் கூட்டம் ஏறியது. கோட்டை அகழி கண்ணில் பட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சித்தப்பா பேடாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டை மதில் முழுவதும் கடந்துபோகும் வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.