ஐந்து நாள் ஊசியும் சிடி34 எண்ணிக்கையும்: ஸ்டெம் செல் சேகரிப்பில் எது எங்கே தவறுகிறது

ஐந்தாம் நாள் காலை ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளையணு 52,000 என்று பார்த்ததும் கொடையாளரின் வீட்டார் முகம் மலர்ந்துவிடும். 'இவ்வளவு ஏறியிருக்கிறதே, நிறைய ஸ்டெம் செல் கிடைக்கும் இல்லையா?' என்பார்கள். ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டி வேண்டிய செல்லை மட்டும் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் அறையில் இருக்கிற எங்களுக்கு அந்த எண் போதாது. வெள்ளையணு 60,000 இருந்தும் பை காலியாகப் போனதுண்டு. 30,000 மட்டும் இருந்து ஒரே நாளில் வேலை முடிந்ததும் உண்டு. நாங்கள் காத்திருப்பது சிடி34 எண்ணிக்கைக்கு, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களின் மேல் இருக்கும் சிடி34 என்ற அடையாளப் புரதத்தை வைத்து எண்ணும் எண்ணிக்கைக்கு. இரண்டும் ஏன் ஒன்றல்ல என்பது புரிந்துவிட்டால், இந்த ஐந்து நாளில் நடக்கும் எல்லாமே புரிந்துவிடும்.

போடுவது ஜிசிஎஸ்எஃப் ஊசி. மருந்துச் சீட்டில் பில்கிராஸ்டிம் என்று இருக்கும். வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களைப் பெருக்கச் சொல்லி உடம்பே சுரக்கும் வளர்ச்சிக் காரணிதான் இது. 1960களில் மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃபும் ரே பிராட்லியும் எலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை அகார் கூழில் வளர்த்தபோது, வெளியிலிருந்து ஏதோ ஒரு பொருள் சேர்ந்தால்தான் செல்கள் கூட்டமாக வளர்கின்றன என்று கண்டார்கள். அந்தத் தேடலின் வழியில் வந்ததுதான் இந்தக் குடும்பம் முழுவதும். மனித ஜிசிஎஸ்எஃப் மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1991இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இந்த ஊசி ஸ்டெம் செல்லை நேரடியாகத் தட்டி எழுப்புவதில்லை. மஜ்ஜைக்குள் சுற்றியிருந்து தாங்கும் ஸ்ட்ரோமா செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அதைப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் செல் இடம் பெயராமல் இருக்கிறது. ஜிசிஎஸ்எஃப் வந்ததும் மஜ்ஜையிலுள்ள மோனோசைட் வகைச் செல்களின் போக்கு மாறி, எலும்புச் சுவர் ஓரத்தில் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் ஒடுங்கி, சிஎக்ஸ்சிஎல்12 சுரப்பு குறைகிறது. பெருகும் நியூட்ரோஃபில்கள் கக்கும் எலாஸ்டேஸ், கேதப்சின் ஜி போன்ற நொதிகளும் பிடியைத் தளர்த்த உதவுகின்றன. ஜிசிஎஸ்எஃப் ஏற்பியே இல்லாத ஸ்டெம் செல்களும், அக்கம்பக்கத்துச் செல்களில் அந்த ஏற்பி இருந்தால், ரத்தத்துக்கு வந்துவிடுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நியூட்ரோஃபில் ஏறுவது ஊசியின் நேரடி வேலை, ஸ்டெம் செல் வெளியே வருவது அதன் பக்கத்து விளைவு. ஒன்று வேகமாக நடந்து மற்றொன்று மந்தமாக இருப்பது இதனால்தான்.

அளவு ஒரு கிலோ எடைக்கு 10 மைக்ரோகிராம், தினம் ஒரு முறை, தோலுக்கடியில். 68 கிலோ கொடையாளருக்கு 680. கையில் இருப்பது 300, 480 மைக்ரோகிராம் என்ற இரண்டு அளவுகள்தான். 600 போட்டால் கிலோவுக்கு 8.8 ஆகும், 780 போட்டால் 11.5. எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதை முதல் நாளே மருத்துவர் எழுதிவிட வேண்டும். நாளுக்கொரு அளவு போடுவதுதான் மோசம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது, குலுக்கவும் கூடாது, ஏனென்றால் புரதம் திரண்டுவிடும். சலைனில் கலந்தாலும் வீழ்படிவாகலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊசியை ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் தட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்துவிடுகிறார்கள். அதனால் கதவு ஓரத் தட்டும் வேண்டாம், மேல் தட்டும் வேண்டாம், நடுத் தட்டு என்று சொல்லியே அனுப்புகிறோம். ஊசி நேரம் நாளுக்கு நாள் மாறக் கூடாது. ரத்தத்தில் இதன் அரை ஆயுள் ஏறக்குறைய 3.5 மணி நேரம்தான். நியூட்ரோஃபில்கள் பெருகப் பெருக அவையே மருந்தை விழுங்கித் தீர்க்கும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் இடுப்பும் முதுகும் நெஞ்செலும்பும் வலிக்கும், தலைவலியும் வரலாம். பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வகை வேண்டாம். அது ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும், சேகரிப்பில் தட்டணு எப்படியும் குறையப் போகிறது. இடது விலாவுக்கு அடியிலோ இடது தோள் நுனியிலோ வலி என்றால் மட்டும் வீட்டில் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மண்ணீரல் வீங்கியிருக்கலாம், மிக அரிதாகக் கிழியவும் கிழியும். சிவப்பணு அரிவாள் போல் வளையும் சிக்கிள் செல் நோய் உள்ளவருக்கு இந்த ஊசியே ஆபத்து, நெருக்கடியைத் தூண்டிவிடும்.

நான்காம் நாள் ஏறத் தொடங்கும் சிடி34 ஐந்து, ஆறாம் நாளில் உச்சம் தொடும். பிறகு ஊசியைத் தொடர்ந்தாலும் இறங்கும். விடுமுறை என்று ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் நடக்காது.

கணக்குக்கு வருவோம். ஊசி அளவு கொடையாளரின் எடைக்கு. சேகரிக்க வேண்டிய செல் அளவு பெறுபவரின் எடைக்கு. இந்த இரண்டு எடையும் தாளில் இடம் மாறிப்போவதுதான் நாங்கள் அதிகம் பயப்படும் பிழை. பெறுபவர் 60 கிலோ, இலக்கு கிலோவுக்கு 50 லட்சம் சிடி34 செல் என்றால் 30 கோடி வேண்டும். கொடையாளரின் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 60 இருந்தால் லிட்டருக்கு 6 கோடி. 12 லிட்டர் ஓட்டி, இயந்திரம் 45 சதவீதம் பிடித்தால் 32 கோடிக்கு மேல். ஒரே நாளில் முடிந்தது. அதே ரத்தத்தில் எண்ணிக்கை 20 மட்டும் என்றால் கிடைப்பது 10.8 கோடி, அதாவது கிலோவுக்கு 18 லட்சம். குறைந்தபட்சமான 20 லட்சத்தைக்கூடத் தொடாது. 20க்குக் கீழே போனால் எங்கள் முகம் சுருங்குவது இந்தக் கணக்கால்தான்.

எண்ணிக்கை 10க்கும் கீழே இருந்தால் இயந்திரத்தை ஓட்டுவதே வீண். தன் செல்லையே எடுத்துவைக்கும் மைலோமா (மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்று) நோயாளிகளிடம் இது அடிக்கடி நேர்கிறது. லெனலிடோமைடு மருந்து பல சுற்று போனவர்கள், மெல்ஃபலான் என்ற புற்று மருந்து வாங்கியவர்கள், இடுப்பெலும்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள் எல்லாரும் இந்தக் கூட்டம். அதனால்தான் நான்கைந்து சுற்று சிகிச்சைக்குள் சேகரித்துவிடச் சொல்கிறோம். நான்காம் நாளே எண்ணிக்கை மந்தம் என்று தெரிந்தால் அன்றிரவு பிளெரிக்சாஃபோர் போடலாம். இது சிஎக்ஸ்சிஆர்4ஐ நேரடியாக அடைத்துவிடுகிறது, சுற்றுவழி கிடையாது. கிலோவுக்கு 0.24 மில்லிகிராம், சேகரிப்புக்கு 10, 11 மணி நேரம் முன். இரவு 10 மணிக்குப் போட்டால் காலை 9க்கு ஊசி குத்தித் தயாராக இருக்க வேண்டும். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றால் 0.16. விலை அதிகம்தான். ஆனால் ஒரு முறை தோற்று மறுபடி ஐந்து நாள் ஊசி போடும் செலவையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இயந்திரத்தில் உட்காரும் முன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்கிறோம். ரத்தம் எடுக்கும் கையை நான்கைந்து மணி நேரம் மடக்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைக் கட்டிப்போடும். முதலில் உதடு மரத்தாற்போல் இருக்கும், அடுத்து விரல் நுனி ஊரும். அதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கும் கொடையாளர்தான் திடீரென விரல்கள் இழுத்துக்கொண்டு துடிக்கிறார். 'உதடு எப்படி இருக்கிறது?' என்று கால் மணிக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைத்து, திரும்பும் குழாய் வழியே கால்சியம் குளுக்கோனேட் விட்டால் சில நிமிடத்தில் சரியாகும். சேகரிப்புக் குழாயின் நிறத்தைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிறினால் செல் அடுக்குக்கு மேலே பிளாஸ்மாவை எடுக்கிறோம், அடர் சிவப்பானால் சிவப்பணு புகுந்துவிட்டது.

பை நிறைந்த பின்னும் பிழைக்கு இடம் உண்டு. நன்றாகக் கலக்காமல் மாதிரி எடுப்பது ஒன்று. பையில் செல் அடர்த்தி மிக அதிகம் என்பதால் மாதிரியை நீர்த்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுகிறோம், எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பதைப் பெருக்க மறப்பது இன்னொன்று. எண்ணும்போது வெள்ளையணுக்களின் பொது அடையாளமான சிடி45 மங்கலாகவும் சிடி34 தெளிவாகவும் உள்ள கூட்டத்தை மட்டும் எடுத்து, 7-ஏஏடி சாயம் ஏறிய இறந்த செல்களைக் கழிக்க வேண்டும்.

பையில் ஸ்டெம் செல் மட்டும் இல்லை என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது. மஜ்ஜையிலிருந்து நேரடியாக எடுப்பதைவிட இதில் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்கள் ஏறக்குறைய 10 மடங்கு. நியூட்ரோஃபில் சீக்கிரம் மீள்வது லாபம், கொடையாளரின் செல்கள் பெறுபவரின் உடம்பையே தாக்கும் நாள்பட்ட ஒட்டு எதிர்வினை கூடுவது நஷ்டம். மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்காமல் போகும் ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற, புற்றல்லாத நோய்க்கு மருத்துவர் மஜ்ஜையே வேண்டும் என்று கேட்டால், ஊசி வழி சுலபமாயிற்றே என்று வாதாட வேண்டாம். புற்றுச் செல்லைத் தாக்க உதவும் டி செல்லால் அந்த நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

கொடையாளருக்குத் தட்டணு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இறங்கியிருக்கும். சேகரிப்பு முடிந்ததும் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை எண்ணிப் பார்க்கிறோம். மண்ணீரல் சுருங்கும் வரை கால்பந்து, பாரம் தூக்குதல், கூட்ட நெரிசலில் பைக் ஓட்டம் மூன்றையும் நிறுத்தச் சொல்லி அனுப்புகிறோம்.