சர்க்கரை நோய் மாத்திரையும் இதயமும்

நீரிழிவுக்காக உருவான டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, சர்க்கரை நோயே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பயன்படுகிறது என்று 2019இல் வெளியான டாபா-எச்எஃப் ஆய்வு காட்டியதை, அண்மைக்கால ஆய்வு முடிவுகளில் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இதயத்தின் உந்துதிறன் குறைந்த 4,744 பேர் பங்கேற்ற இந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 21.2 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு மோசமடைந்தது அல்லது இதய, இரத்தநாளக் காரணங்களால் மரணம் நேர்ந்தது. மருந்து பெற்றவர்களில் அது 16.3 சதவீதம். இரு குழுக்களின் அபாயத்தையும் காலப்போக்கில் ஒப்பிட்டுக் கணக்கிட்டு, தலைப்புச் செய்திகள் இதை '26 சதவீதக் குறைவு' என்று எழுதும். நேரடி வித்தியாசம் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர்தான் என்பதால், சுமார் 18 மாதங்கள் 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் தப்புகிறார் என்று சொல்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. அந்த ஒருவர் யார் என்பதை எந்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்தாதலால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே இதை நிறுத்திவைக்கவும் சொல்வார்கள்.