சமகால ஆய்வுத் தாள்: ‘எதில் அளந்தார்கள்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

தேர்வில் என்னை மிகவும் அச்சுறுத்திய, அண்மைக்கால ஆய்வுகளைப் பற்றிக் கேட்கும் சமகால ஆய்வுத் தாளிலேயே எனக்கு அதிக மதிப்பெண் வந்திருக்கிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் நேராகப் படித்த முறைக்கு வருகிறேன்.

இந்தத் தாளில் வரும் மருத்துவம், பொருள் பொறியியல், ஒயின் வேதியியல் ஆகிய மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய முனைந்தால் மலைப்பே மிஞ்சும். குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆய்வின் தலைப்புக்குக் கீழும், முடிவை எழுதுவதற்கு முன்பாகவே, அது எதில் அளக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினேன்: சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா, தூய படிகத்திலா, கலப்பு மாதிரியிலா? எனக்கு மதிப்பெண் பெற்றுத் தந்தது இந்த ஒரு வரிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிவப்பு ஒயின் தலைவலி பற்றிய வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சைத் தோலிலுள்ள குவெர்செட்டின் என்ற சேர்மம் உடலில் குளுகுரோனைடு என்ற வடிவம் பெற்று, மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை அகற்றும் ஏஎல்டிஎச்2 நொதியைத் தடுக்கிறது என்றும், தேங்கும் அசிட்டால்டிஹைடு தலைவலியைத் தூண்டலாம் என்றும் 2023இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் முன்வைத்தனர். அவர்கள் அளந்தது ஆய்வகத்தில் அந்த நொதியின் செயல்பாட்டை. தலைவலி வந்தவர்களை அல்ல. “காரணம் நிறுவப்பட்டதா?” என்ற வினாவுக்கு, “வழிமுறை முன்மொழியப்பட்டுள்ளது, இந்த ஆய்வு அதை மனிதரில் சோதிக்கவில்லை” என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் பிறகுதான் வேதியியலை விளக்கினேன்.

பொருள் பொறியியலில் எல்கே-99 இதே பாடத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 2023 ஜூலையில் அறை வெப்பநிலை மீக்கடத்தி, அதாவது குளிரூட்டாமலே மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள், என்று அறிவிக்கப்பட்ட அந்த மாதிரியில் செப்பு சல்பைடு கலந்திருந்தது. ஏறத்தாழ 104 டிகிரி செல்சியசில் மின்தடை திடீரெனக் குறைந்ததற்கு அந்தக் கலப்பே காரணம் என்று பின்னர் தெரிந்தது. தூய படிகத்தை வளர்த்து அளந்தபோது அது மின்காப்புப் பொருளாக இருந்தது. இந்த வரிசையை அப்படியே விடையில் எழுதலாம்.

மருத்துவப் பகுதியில் எண்களோடு எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். 2021இல் வெளியான, செமாகுளூட்டைடு என்ற எடைக்குறைப்பு மருந்தின் ஆய்வில், நீரிழிவு இல்லாத, உடல் எடை மிகுந்த 1,961 பேரிடம் 68 வாரங்களில் சராசரி எடைக்குறைப்பு மருந்து பெற்ற குழுவில் 14.9 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 2.4. மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்ற தொடர் ஆய்வின் முடிவையும் விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்:

- அரிவாள் செல் சோகைக்கான மரபணுத் தொகுப்புச் சிகிச்சையான கேஸ்கெவி: பழுதான மரபணுவைத் திருத்துவதில்லை, பிசிஎல்11ஏ மரபணுவின் செயலைக் குறைத்துக் கரு ஹீமோகுளோபினை மீட்கிறது. பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள்.
- பெரோவ்ஸ்கைட் என்ற படிகவகைப் பொருளாலான சூரிய மின்கலம்: ஒளியை மின்சாரமாக்கும் திறன் 2009இல் 3.8 விழுக்காடு; இன்று 26ஐத் தாண்டிவிட்டது. ஈரப்பதத்தில் சிதைவதையும் அதிலுள்ள ஈயத்தையும் குறிப்பிடுங்கள்.
- ரொட்டண்டோன்: ஒயினில் மிளகு மணம் தரும் சேர்மம். லிட்டருக்கு 16 நானோகிராமே உணரப் போதும். ஆயினும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அதை முகர்ந்தறிய முடிவதில்லை.

நான் மெதுவாகப் படிப்பவள். அதனால் செய்தித் தொகுப்புகளைத் தவிர்த்து, குறைந்த எண்ணிக்கையிலான ஆய்வுகளின் செய்முறைப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வேகமாகப் படிப்பவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டி முடிவுரைக்குப் போக வேண்டாம்.