கண்ணால் பேசும் கருவிக்குப் பணம் கிடைத்த விதம்

என் மகளுக்குப் பெருமூளை வாதம். கை அவள் சொன்னபடி கேட்காது, பேச்சும் வரவில்லை. ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். கண் போகும் திசையைக் கேமராவால் கண்டுபிடித்து, பார்க்கும் படத்தையோ எழுத்தையோ குரலாக்கும் கருவி அவளுக்குப் பொருந்தும் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். சாதாரண டேப்லெட்டைப் போலப் பல மடங்கு விலை. எங்கள் கையிருப்பில் அது ஆகிற காரியமில்லை.

விண்ணப்பம் எழுதும் முன்பே பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகையின் மூலைகளில் படங்களை ஒட்டி, எதிரே உட்கார்ந்து அவள் எதைப் பார்க்கிறாள் என்று கவனிக்க வேண்டும். செலவே இல்லை. தினமும் அவள் எதைக் கேட்டாள், எத்தனை படங்களுக்குள் தேர்ந்தெடுத்தாள், எப்போது சோர்ந்தாள் என்று நோட்டில் குறித்தோம். அப்புறம் கருவியை இரவல் வாங்கிச் சில வாரம் பயன்படுத்தி, வீடியோவும் எடுத்தோம். கருவியை விற்பவர்களும் மறுவாழ்வு மையங்களும் இப்படி இரவல் தருவதுண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பணம் கொடுப்பவருக்கு ஒரே பயம், வாங்கிய பொருள் அலமாரியில் தூங்கிவிடுமோ என்பது. அந்தப் பயத்தைப் போக்கியது இந்த நோட்டும் வீடியோவும்தான். நாங்கள் எழுதிய உருக்கமான கடிதத்தை யாரும் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை.

காப்பீட்டில் முதலில் மறுத்துவிட்டார்கள். ‘இது வசதிக்கான பொருள், மருத்துவத் தேவை அல்ல’ என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக் கடிதத்தில் ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மேற்கோள் காட்டினேன். அதன் 21ஆவது பிரிவு பேச்சுக்கு மாற்றான தொடர்புமுறைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு பயனும் இல்லை! அவர்களை அசைத்தது, பயிற்சியாளர் புதிதாக எழுதிக் கொடுத்த கடிதம். வலி எங்கே என்று இவளால் சொல்ல முடியவில்லை, மூச்சுத்திணறலைத் தெரிவிக்க வழியில்லை, விலை குறைந்த கருவிகளை முயன்றும் பலிக்காததற்குக் காரணம் இன்னது என்று வரிசையாக எழுதியிருந்தார். ‘கல்விக்கு உதவும்’ என்ற வரியை அவரே அடித்துவிட்டார். படிப்புச் செலவு பள்ளியைச் சேர்ந்தது என்று தள்ளிவிட அந்த ஒரு வரி போதுமாம். பள்ளிக்குப் போன மனுவில் அதுவே முதல் வரி.

காப்பீட்டில் ஒரு பகுதிக்குச் சம்மதித்தார்கள். பேச்சுக்கு மட்டும் பயன்படும்படி கருவி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை. சரி என்றோம்.

பள்ளி முழுச் செலவையும் ஏற்கத் தயாராக இருந்தும் நாங்கள் ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. பள்ளி வாங்கினால் கருவி பள்ளியின் சொத்து. விடுமுறையில் வீட்டுக்கு வருமா, பள்ளி மாறினால் கூடவே வருமா என்று எழுத்தில் கேட்டேன். தெளிவான பதில் இல்லை. குரலை மாலை நாலு மணிக்குப் பள்ளியில் வைத்துவிட்டு வருவதா? ஆசிரியர்களுக்கான பயிற்சிச் செலவை மட்டும் பள்ளி ஏற்றது.

மீதிக்கு அறக்கட்டளைகள். அங்கே காப்பீட்டிலிருந்து முதலில் வந்த மறுப்புக் கடிதமே கைகொடுத்தது. வேறு வழி இல்லை என்று தெரிந்தால்தான் பல அறக்கட்டளைகள் கோப்பையே திறக்கின்றன. ஆகவே மறுப்பை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, கடன்பட்டு முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலான இடங்களில் ஒரு காசு கிடைக்காது. ஒப்புதலுக்குப் பின், பணத்தை விற்பவருக்கே நேராக அனுப்புவார்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது சக்கர நாற்காலியில் பொருத்தும் தாங்கி, உத்தரவாத நீட்டிப்பு, பழுதாகும் நாட்களுக்கு மாற்றுக் கருவி எல்லாவற்றையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தாங்கி இல்லாமல் கண்ணுக்கு நேராகக் கருவியை நிறுத்த முடியாது, அதுவும் விலை மலிவானதல்ல. தனியாக இன்னொரு மனு போட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். பயிற்சியாளரின் மதிப்பீட்டு அறிக்கைக்கும் பல இடங்களில் காலாவதி உண்டு. எங்களுடையது முடியும் தறுவாயில் இருந்தபோதுதான் கடைசி ஒப்புதல் வந்தது.