மயக்கம் என்ற ஒரு சொல்

தாதிமையில் முதுநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று என் வார்டில் பணிபுரியும் இளந்தாதி ஒருத்தி சென்ற வாரம் கேட்டாள். "பாடம் ரொம்பக் கஷ்டமா அக்கா?" என்பதுதான் அவளுடைய முதல் கவலை. உடலியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் கடினம்தான். இரவு வேலை பார்த்துப் பழகிய கண்களுக்கு அவற்றைப் படித்து முடிப்பது பெரிய காரியமில்லை. எனக்கு எளிதில் கைவராதது வேறொன்று.

பன்னிரண்டு ஆண்டுகள் வார்டில் நின்றவளுக்கு, கவனித்ததை உடனே மருத்துவரிடம் தெரிவிப்பதே கடமை என்று மனம் பழகியிருந்தது. இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சொல்லிவிட்டால் பாரத்தில் பாதி இறங்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏபிஎன் (APN) ஆக, அதாவது முதுநிலைப் பட்டமும் கூடுதல் பயிற்சியும் பெற்ற உயர்நிலைத் தாதியாக, நிற்பவளோ, அது ஏன் இறங்குகிறது, இன்னும் என்னென்ன காரணங்கள் இருக்கலாம், அடுத்து எதைச் செய்யவேண்டும் என்று தானே ஒரு முடிவைச் சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும்.

இந்தப் பணியின் வேர் 1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியில் இருக்கிறது. அது குழந்தைகள் நலத்துக்கானது. கடும்நோய் வார்டுகளுக்கென்று தனிக் கல்வியாக அமெரிக்காவில் வளர்ந்தது 1990களில்தான். இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் இதற்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பட்டம் வாங்கிய மறுநாளே யாரும் ஏபிஎன் ஆகிவிடுவதில்லை. மேற்பார்வையின்கீழ் பயிற்சிக்காலத்தை முடித்து, தாதியர் வாரியத்தின் மதிப்பீட்டில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே அந்தப் பட்டப்பெயரைப் பயன்படுத்தலாம். வகுப்பறையைவிட அந்தப் பயிற்சிக்காலமே என்னை மாற்றியது.

அப்போது எழுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "மயக்கமா வருதும்மா" என்றார். நான் குறிப்பேட்டில் 'கிடினஸ்' என்று எழுதினேன். நம் மக்கள் உலகமே சுற்றுவதையும் மயக்கம் என்பார்கள், கண் இருட்டிக்கொண்டு வருவதையும் மயக்கம் என்பார்கள், கால் தள்ளாடுவதையும், ஏன், தூக்கக் கலக்கத்தையும்கூட அப்படியே சொல்வார்கள். முதலாவது பெரும்பாலும் காதை நோக்கியும், இரண்டாவது இதயத்தையும் இரத்தத்தையும் நோக்கியும், மூன்றாவது மூளையையும் நரம்பையும் நோக்கியும் நம்மை இழுத்துச் செல்லும். தாய்மொழியில் பேசியும் எந்த மயக்கம் என்று நான் கேட்கவில்லை. நாடித்துடிப்பு 72, படுத்த நிலையில் அழுத்தம் சரியாக இருந்தது. ஆகவே உட்காதுக் கோளாறு என்று முடிவுகட்டினேன்.

மேற்பார்வை மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: நிற்கவைத்து அழுத்தம் பார்த்தாயா, அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்? நிற்கவைத்தபோது மேலழுத்தம் இருபதுக்கும் மேல் சரிந்தது. அவர் சாப்பிட்டுவந்தது பிசொப்ரொலால். இரத்தம் குறைந்தாலும் இதயத் துடிப்பு வேகமெடுக்காமல் அடக்கிவைக்கும் மருந்து. அந்த 72ஐ நம்பித்தான் ஏமாந்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து, "ஐயா, மலம் என்ன நிறத்தில் போகிறது?" என்று கேட்டபோது, கூச்சத்துடன், தார் மாதிரி மூன்று நாளாகப் போகிறது என்றார். முழங்கால் வலிக்குத் தாமே வாங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே இரத்தம் கசியவைத்திருந்தன. பிசொப்ரொலாலின் வேலையை நான் தேர்வில் பிழையின்றி எழுதியவள்தான். எழுதியது கட்டிலருகே நினைவுக்கு வரவில்லை.

2018இல் தொடங்கிய கூட்டு மருந்துப் பரிந்துரைப் பயிற்சியை முடித்த ஏபிஎன்கள் குறிப்பிட்ட வரம்புக்குள் மருந்து எழுதலாம். எனவே இப்படிப்பட்ட தவற்றின் எடை இப்போது கூடியிருக்கிறது. வார்டு அனுபவம் போதாத நிலையில் இந்தப் படிப்புக்கு விரைவதில் எனக்கு உடன்பாடில்லை. வழக்கமான நோயாளியை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான் வழக்கமில்லாதது உறுத்தும். (மருத்துவமனை செலவில் படித்தால் பின்னர் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றவேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது, நான் அவசரப்பட்டேன்.)

இன்னும் இரண்டு ஆண்டுகள் இதே வார்டில் இருந்துவிட்டு விண்ணப்பி என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. விண்ணப்பப் படிவத்தைக் கைபேசியில் ஏற்கெனவே பாதி நிரப்பி வைத்திருந்தாளாம்.